வலிக்குச் சாட்சி

கோகிலவாணிக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமையோடு ஐந்து நாள் முடிந்தது. திங்கள்கிழமை காலை அவர் கட்டிலை விட்டு எழ மறுத்துவிட்டார்.

அதுவரை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார். இரண்டாம் நாள் எட்டு அடி, மூன்றாம் நாள் கதவு வரை, ஐந்தாம் நாள் வராந்தாவின் பாதி. அவருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் ஈரோட்டில் டவுன் பஸ் ஓட்டியவர். இடுப்பில் ஒரு எலும்பு இன்னொன்றின் மேலிருந்து நழுவிவிட்டது. நான்கு திருகாணி போட்டு அதை நிறுத்தியிருந்தார்கள். ஆணிகள் சரியாக உட்கார்ந்துவிட்டன, இனி நடந்தால் போதும் என்று டாக்டர் பைரவி சொல்லியிருந்தார். நடப்பதற்குத்தான் மருந்து வேண்டியிருந்தது. அந்த மருந்து ஐந்து நாளோடு நின்றுவிட்டது.

அந்த மருத்துவமனையில் நான் வலிச்சாட்சிப் பதிவாளராக இருந்தேன். இன்று அப்படி ஒரு வேலை இல்லை. அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓபியாய்டு என்கிற அபின் வகை வலிமாத்திரைகளால் பிள்ளைகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சட்டம் வந்தது. ஜனங்கள் அதை ஐந்து நாள் சட்டம் என்றார்கள். என்ன அறுவை சிகிச்சையானாலும் அந்த மாத்திரை ஐந்து நாளுக்குத்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் நோயாளியின் கணவனோ மனைவியோ ரத்த உறவோ வந்து, அந்த வலியை அறுபது விநாடி தன் உடம்பில் வாங்கிப் பார்த்து, உண்மைதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். என் அறையில் அதற்கென இரண்டு பட்டைகள் இருந்தன. ஒன்றை நோயாளியின் பிடரியில் கட்டுவேன், மற்றதைச் சாட்சியின் பிடரியில்.

திங்கள் மதியம் கோகிலவாணியின் கணவர் சென்னியப்பன் என் அறைக்கு வந்தார். மஞ்சள் மண்டியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியவர். மண்டியில் இயந்திரம் வந்தபிறகு அங்கேயே காவல் வேலை. சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமெல்லாம் இல்லீங்க சார். எத்தன நேரம் வேணும்னாலும் கட்டுங்க."

"அறுபது விநாடிதாங்க. தாங்க முடியலைன்னா கையத் தூக்குங்க, நிறுத்திடுவேன். அதுக்கு முன்னாடி உங்க உடம்பை மட்டும் பத்து நிமிஷம் அளந்து பாக்கணும்."

"என்ற ஒடம்பையுங்களா? எதுக்குங்க?"

"உங்க வீட்டுல ஏற்கெனவே ரேடியோ ஓடிக்கிட்டிருந்தா, பக்கத்து வீட்டு ரேடியோ எவ்வளவு சத்தமா ஓடுதுன்னு உங்களால சொல்ல முடியாதில்ல? அது மாதிரிதான். உங்க உடம்பு அமைதியா இருந்தாத்தான் அவங்க வலி உங்களுக்குச் சரியாத் தெரியும். பத்துக்கு ரெண்டுக்குள்ள இருந்தா போதும்."

பட்டையைக் கட்டிவிட்டு வேறு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரையைப் பார்த்தால் ஆறு என்று காட்டியது. பட்டை நழுவியிருக்கும் என்று கழற்றித் துடைத்து மறுபடி கட்டினேன். ஆறு புள்ளி இரண்டு. இன்னொரு ஜோடிப் பட்டையை எடுத்து வந்து பார்த்தேன். அதே.

"உங்களுக்கு எங்கயாவது வலிக்குதுங்களா?"

"இல்லீங்களே."

"முதுகு, கழுத்து, முட்டி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யாரோ அவரிடம் அவருடைய நிழலின் நீளத்தைக் கேட்டதுபோல் இருந்தது அவர் முகம்.

"முதுகுங்களா... அது எப்பவும் இருக்கறதுதானுங்களே. காலைல எந்திரிக்கறப்ப செவுத்தப் புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நிப்பேன். எடது காலு எரியும். அது நோவு இல்லீங்க சார். ஒடம்பு அப்படித்தான்."

"எத்தனை வருஷமா?"

"மண்டிக்குப் போனதுலேர்ந்துங்க. எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்களே?"

எல்லாருக்கும் அப்படி இருப்பதில்லை என்று நான் சொன்னேன். அவர் அதை நம்பவில்லை. ஆறு என்கிற எண்ணோடு அவர் சாட்சியாக இருக்க முடியாது என்று சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

"அப்ப அவளுக்கு மாத்திரை?"

நான் படிவத்தில் தள்ளுபடி என்று குறித்தேன். அவர் எழுந்து நின்றார். எழும்போது மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டதை அப்போதுதான் கவனித்தேன்.

"சார், ஒரே ஒரு ஒத்தாசை. இந்த ஆறு கீறெல்லாம் அவகிட்டச் சொல்லாதீங்க."

சொல்லாமல் இருக்க வழியில்லை. ஒரு சாட்சி தள்ளுபடியானால் அதன் காரணத்தை நோயாளியிடம் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வார்டுக்குப் போனேன். கோகிலவாணி மல்லாந்து கிடந்தார். மூச்சை மேலாகவே விட்டுக்கொண்டிருந்தார், ஆழமாக இழுத்தால் இடுப்பில் தைத்தது. நான் படித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஆறுங்களா? எனக்கு இன்னிக்கி எவ்வளவு இருக்கும்?"

"ஏழு, எட்டு இருக்கலாங்க. கட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"எட்டுக்கே நான் கத்தறேன்." கணவர் பக்கம் தலையைத் திருப்ப முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். "ஏனுங்க, ஆறை வெச்சுக்கிட்டா மூணு மாசமா என்னைய கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போனீங்க?"

"அட, நீ என்ன மூட்டையா அம்மிணி. ஒரு கை புடிக்கறதுதான்."

"வாயத் தொறந்து ஒரு நாளு சொன்னீங்களா?"

"சொல்றதுக்கு என்ன இருக்குது?"

ஐந்து நாளும் வலிக்கு அழாத அந்த அம்மாள் அப்போது அழுதார். அழுகையில் உடம்பு குலுங்க, அது வேறு வலித்தது. சென்னியப்பன் அவருடைய செருப்பைக் கட்டிலுக்கு அடியில் ஒழுங்காக வைக்கக் குனிந்தார், கையை எங்கேயாவது வைத்துக்கொள்ள வேண்டுமே என்பதற்காக. "குனியாதீங்க!" என்று கோகிலவாணி கத்தினார். அறையில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

செவ்வாயும் புதனும் மோசமாகவே போயின. வேறு மாத்திரைகள், ஊசி, ஒத்தடம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பிசியோதெரபி பெண் தினமும் இரண்டு முறை வந்து கெஞ்சிவிட்டுப் போனாள். புதன்கிழமை காலை சுரம் வந்தது. இடது கெண்டைக்கால் வீங்கியது.

டாக்டர் பைரவி என் அறைக்கே வந்துவிட்டார்.

"நடக்காம கிடந்தா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லணுமா? நெஞ்சுல சளி கட்ட ஆரம்பிச்சாச்சு. கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கேன். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போச்சுன்னா நான் போட்ட திருகாணிக்கு என்ன அர்த்தம்?"

"நீங்க எழுதிக் குடுத்தா..."

"நான் எழுதினா மாத்திரைப் பெட்டி திறக்காது. அதுக்கு உங்க சாட்சி எண் வேணும். வேற யாரு இருக்காங்க அவங்களுக்கு?"

படிவத்தில் பார்த்தேன். குழந்தைகள் இல்லை. பெற்றோர் இல்லை. உடன்பிறந்தவர் என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது: யமுனா, தங்கை, திருப்பூர். வார்டில் போய் அந்தப் பெயரைச் சொன்னதும் கோகிலவாணி கண்களை மூடிக்கொண்டார்.

"அவளக் கூப்பிட்டீங்கன்னா நான் பட்டையக் கட்டிக்க மாட்டேன் சார். எழுதி வெச்சுக்குங்க."

காரணத்தை வராந்தாவில் சென்னியப்பன்தான் சொன்னார். யமுனாவின் ஒரே மகன் மிதுன் ஆறு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இறந்துபோனான். பத்தொன்பது வயது. மாத்திரைப் பழக்கம். தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. கோகிலவாணிக்குக் குழந்தை இல்லாததால் அவன் பாதி இவர்கள் வீட்டில் வளர்ந்தவன். சவ எடுப்பு அன்று, அத்தனை பேர் முன்னிலையில், கோகிலவாணி தங்கையைப் பார்த்து, "பெத்தவளா நீ? பையன் என்ன திங்கறான்னு பாக்கத் தெரியாதவ" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"யமுனா புள்ள அதுக்கப்பறம் இந்தச் சட்டத்துக்காகத்தானுங்க அலைஞ்சுது," என்றார் சென்னியப்பன். "மனுக் குடுக்கறது, ஊர்வலம் போறது, எல்லாம்."

எனக்கு நினைவு வந்தது. எங்கள் அறையைத் திறந்துவைத்த நாளில், மகன்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் யமுனாவாகத்தான் இருக்க வேண்டும்.

"நான் போய்க் கூட்டிட்டு வந்தர்றேனுங்க," என்றார் அவர்.

"அவங்க மறுக்கறாங்களே?"

"வந்து நின்னா பாத்துக்கலாமுங்க. அவ மறுக்கறதெல்லாம் எனக்குப் பழகாததா?"

போனிலேயே கூப்பிடலாமே என்றேன். இது போனில் சொல்கிற சமாச்சாரம் இல்லை என்று சொல்லிவிட்டு, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தபடி படியிறங்கிப் போனார். அந்த நடையை நான் ஒரு வாரமாக வராந்தாவில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு யமுனா வந்தார். அக்காவைவிட ஒல்லி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எதையும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டே நம்புகிற கண்கள். நேராக என் மேஜைக்கு வந்து அடையாள அட்டையை வைத்தார்.

"அக்காங்கறதுக்காக வரலீங்க. இந்தச் சட்டத்தக் கேட்டு வாங்கினவங்கள்ல நானும் ஒருத்தி. சாட்சிக்கு வான்னா வரோணும், அதுக்குத்தான் வந்தேன். நோவு இல்லீன்னா இல்லீன்னுதான் எழுதுவேன். மச்சான்கிட்டயும் அதச் சொல்லித்தான் பஸ் ஏறினேன்."

"அது போதுங்க," என்றேன்.

அவருடைய உடம்பை அளந்தேன். ஒன்று புள்ளி நான்கு. இருவருமாக வார்டுக்குப் போனோம். சென்னியப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார். யமுனா கட்டிலின் கால்மாட்டில் நின்று அக்காவைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அக்கா இளைத்திருந்தார், தலை முக்கால்வாசி நரைத்திருந்தது, மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. யமுனா கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"உன்னைய யாரு வரச் சொன்னா?" என்றார் கோகிலவாணி.

"சட்டம் சொல்லுச்சு."

"நீ எனக்காக இதப் பட வேண்டாம். போயிரு."

நான் விதிப்படி கேட்டேன். "பட்டை கட்ட உங்களுக்குச் சம்மதமாங்க?"

கோகிலவாணி கூரையைப் பார்த்தார்.

"சார், அவகிட்ட ஒண்ணு சொல்லோணும். அதக் கேட்டுட்டு அவ கட்டிக்கிட்டா கட்டிக்கட்டும். இல்லீன்னா ஊருக்குப் போகட்டும்."

நான் வெளியே போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருங்கள் என்று கையைக் காட்டினார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"யமுனா, மிதுனுக்கு மொத மாத்திர நாந்தான் குடுத்தேன்."

யமுனா கைப்பையின் வாரை விட்டார்.

"அந்தத் தீவாளிக்கு வந்திருந்தான் பாரு. கபடியில தோளு பெசகிருச்சுன்னான். அப்ப எனக்கு இடுப்புக்கு அந்த மாத்திர குடுத்திருந்தாங்க. பெரிம்மா, தாங்க முடியலன்னு என்ற மடியில வந்து படுத்துக்கிட்டான். ரெண்டே ரெண்டு குடுத்தேன். நல்லாத் தூங்கினான். அட்டைய அலமாரியிலயே வெச்சிருந்தேன். அவன் ஊருக்குப் போனப்பறம் பாத்தா அட்டையக் காணோம். புள்ளைக்கு நோவுது, எடுத்துட்டுப் போயிருக்கறான்னு நெனச்சுக்கிட்டேன். உன்கிட்டச் சொல்லல. மறு வருஷம் அவன் போயிட்டான். எடுப்பு அன்னைக்கி உன்னைய அப்படிக் கேட்டனே... என்னையக் கேட்டுக்க வேண்டியத உன்னையக் கேட்டுட்டேன்."

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு இந்த மாத்திர வேண்டாம். இது எனக்கு வேணும், இந்த நோவு."

வாசலில் சென்னியப்பன் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் இது இப்போதுதான் தெரிகிறது.

யமுனா கைப்பையை ஸ்டூலில் வைத்தார். கட்டிலைச் சுற்றி வந்து அக்காவின் தலைமாட்டில் நின்றார்.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவன் பையில அட்டை இருந்துது. மருந்துக்கடைக்காரன் ஒட்டின சீட்டுல உம் பேரு. ஆசுபத்திரிலேர்ந்து அவன் சாமான எல்லாம் குடுத்தப்பவே பாத்துட்டேன்."

"ஆறு வருஷமாவா?"

"மனுவுல ஒரு கட்டம் இருந்துது, மாத்திர மொதல்ல எங்கேர்ந்து கெடச்சுதுன்னு. தெரியாதுன்னு எழுதினேன். போலீசு கேட்டப்பவும் தெரியாதுன்னேன்."

"ஏன்டீ?"

யமுனா அக்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒதுக்கினார்.

"அவன் மொதல்ல எங்கிட்டத்தான்க்கா வந்தான். அம்மா, தோளு நோவுதுன்னான். பரிச்சைக்குப் பயந்துக்கிட்டு நடிக்காதடான்னு சொன்னேன். ரெண்டு நாளு சொல்லிப் பாத்தான். நான் நம்பல. அப்பறந்தான் உங்கிட்ட வந்தான். நீ நம்பின. இத நான் யாருகிட்டச் சொல்றது? உம் பேர எழுதினா எம் பேரையும் எழுதோணும்."

கோகிலவாணி கையை நீட்ட முயன்றார். யமுனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், கட்டுங்க."

நான் எத்தனையோ பேருக்குப் பட்டை கட்டியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் இருபது விநாடியில் கையைத் தூக்கிவிடுவார்கள். அதுவே போதும், சட்டம் அதையும் ஏற்றுக்கொள்ளும். யமுனாவுக்கு முதல் விநாடியிலேயே கால் துவண்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. கட்டில் கம்பியை ஒரு கையாலும் அக்காவின் கையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. பதினைந்து. இருபது. கண்ணீர் தானாக வழிந்தது, அதை அவர் அழுகையாக எண்ணிக்கொள்ளவே இல்லை. முப்பது.

தங்கை படுவதைப் பார்த்து கோகிலவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டார். உடம்பைக் கட்டை மாதிரி ஆக்கி, அசையாமல், தன் வலியைக் குறைத்துக் காட்டப் பார்த்தார்.

"மூச்ச அடக்காதக்கா," என்று பல்லைக் கடித்தபடி சொன்னார் யமுனா. "அடக்கினா இன்னும் நோவுது. எனக்குத் தெரியுது பாரு. உடு... மெதுவா உடு."

கோகிலவாணி மூச்சை விட்டார். யமுனாவும் கூடவே விட்டார். மிச்சமிருந்த இருபது விநாடிகளையும் இருவரும் ஒன்றாக மூச்சுவிட்டே கடந்தார்கள்.

பட்டையைக் கழற்றியதும் யமுனா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, முகத்தில் தெளித்துக்கொண்டார்.

"இதோடயா ஒம்பது நாளா கெடக்கறா?"

"அஞ்சு நாள் மாத்திரை இருந்ததுங்க. நாலு நாளாத்தான் இப்படி."

"நாலு நாளு," என்று திரும்பச் சொன்னார். "எழுத்துக்கூட்டி வாசிச்சு வாசிச்சு நாங்க கேட்டு வாங்கின சட்டங்க சார் இது. அஞ்சு நாளுங்கற அந்த எண்ண யாரு சொன்னாங்கன்னு எனக்கு நெனப்பே இல்ல. ஒரு கூட்டத்துல யாரோ சொன்னாங்க. சரின்னு கையத் தட்டினோம்."

படிவத்தில் ஏழு புள்ளி எட்டு என்று பதிவானது. எத்தனை நாள் மருந்துக்குச் சாட்சி பரிந்துரைக்கிறார் என்ற கட்டத்தில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாத்திரையை நோயாளியின் பொறுப்பில் விடலாமா என்று நான் கேட்டபோது கோகிலவாணியே குறுக்கிட்டார்.

"ஒரு அட்டைகூட எங்கிட்ட வேண்டாம் சார். அவகிட்டக் குடுங்க. அவ கையால குடுத்தா முழுங்கறேன்."

அப்படித்தான் நடந்தது. யமுனா கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவோடு முதலில் வார்டிலும் பிறகு வீட்டிலும் தங்கினார். அட்டையை இடுப்பில் செருகிய சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, நேரத்துக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார். அக்கா விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். "நான் என்ன பச்சக் கொழந்தையா?" என்று கோகிலவாணி கோபித்துக்கொள்வார், வாயைத் திறந்தும் காட்டுவார்.

காலில் இருந்தது சின்னக் கட்டிதான், ஊசியில் கரைந்தது. வெள்ளிக்கிழமை மாலை கோகிலவாணி எழுந்து நின்றார். சனிக்கிழமை பன்னிரண்டு அடி. அடுத்த புதனுக்குள் வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினார். மாத்திரை நாளுக்கு நான்கிலிருந்து மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகியது. ஒன்பதாம் நாளோடு அவரே போதும் என்றார். மிஞ்சியதை யமுனா என் மேஜையில் எண்ணி வைத்து, நான் ரசீது எழுதும்வரை அங்கிருந்து நகரவில்லை.

சென்னியப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் டாக்டரிடம் வரமாட்டேன் என்றார். கோகிலவாணி, கைத்தடியைப் பிடித்தபடி, தானே அவரை டாக்டர் பைரவியின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். அவருக்கும் நரம்பு நசுங்கியிருந்தது. இந்த மாத்திரை உங்களுக்கு வேண்டாம், இது பழைய வலிக்கு உதவாது, பழக்கம்தான் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லி, வேறு மருந்தும் இடுப்புப் பயிற்சிகளும் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் காலை நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்துக் காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பதாக யமுனா என்னிடம் சொல்லிச் சிரித்தார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவரே என் அறைக்கு வந்து, "இப்ப எவ்வளவு இருக்குதுன்னு பாருங்க சார்" என்றார். மூன்றரை. அவர் அந்த எண்ணை நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நோவு இல்லீன்னா இப்படித்தான் இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த ஆடியில் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய சென்னையில் ஒரு கருத்துக்கேட்பு வைத்தார்கள். ஐந்து நாளை மூன்று நாளாகக் குறைக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. பதிவாளர்கள் சிலரைப் புள்ளிவிவரத்தோடு வரச் சொன்னார்கள், நானும் போயிருந்தேன். மகனை இழந்த தாய் என்ற முறையில் யமுனாவுக்குப் பேசப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மூன்று நாளை ஆதரிப்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

அவர் எழுதி எடுத்து வந்ததைப் படிக்கவில்லை.

"மாத்திரயப் பூட்டி வெய்யுங்க. எண்ணிக் குடுங்க. மிச்சத்த எண்ணி வாங்குங்க. வீட்டுல ஒரு ஆளப் பொறுப்பாக்குங்க. அதெல்லாம் வேணும், அதுல நான் மாறல. ஆனா ஒருத்தி நோவுதுன்னு சொன்னா, இன்னொருத்தி அதப் பட்டுப் பாத்துத்தான் நம்போணும்னு வெக்காதீங்க. அறுத்த முதுகுக்கு எத்தன நாளுங்கறத டாக்டர் சொல்லட்டும்."

மேடையில் இருந்த அதிகாரி குறுக்கிட்டார். "பொய் சொல்றவங்களை அப்புறம் எப்படிம்மா கண்டுபிடிக்கறது?"

"கொஞ்சப் பேரக் கண்டுபுடிக்க முடியாதுங்க. எம் பையன் உண்மையச் சொன்னான், அதையே என்னால கண்டுபுடிக்க முடியல." அவர் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "எங்கக்காளுக்கு நான் இருந்தேன். ஆளே இல்லாதவங்க என்ன பண்ணினாங்க? அந்த சார்கிட்டக் கேளுங்க, அவருதான் கணக்கு வெச்சிருக்கறாரு."

நான் எழுந்து நின்றேன். மூன்று வருடத்தில் எத்தனை சாட்சி, எத்தனை தள்ளுபடி, யார் எத்தனை விநாடி தாங்கினார்கள் என்பதெல்லாம் என் கையில் இருந்தது. சாட்சிக்கு ஆளில்லாமல் ஆறாம் நாளோடு படுத்தே கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் இல்லை. அவர்கள் என் அறைக்கு வந்ததே இல்லை. வராதவர்களுக்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

"தெரியாதுங்க," என்றேன். மூன்று வருடக் கணக்கைவிட அந்த ஒரு சொல்தான் உண்மையாக இருந்தது.

அடுத்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. சாட்சிப் பட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் இப்போது வேறொரு ஊரில் பிறப்புப் பதிவில் இருக்கிறேன். திருத்தம் சரியா தப்பா என்று இன்றும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மாத்திரை மறுபடி வெளியே கசிகிறது என்கிறார்கள், இருக்கலாம். இந்தக் கேள்விக்கு முழுசான பதில் யாரிடமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அன்று கருத்துக்கேட்பு முடிந்து வெளியே வந்தபோது, கட்டடத்தின் வாசலில் கோகிலவாணி மரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கைக்குத் துணையாக வந்திருக்கிறார். பஸ்ஸில் வெகுதூரம் உட்கார்ந்து வந்ததன் களைப்பு முகத்தில் தெரிந்தது. யமுனா அவர் முன் போய் நின்றார்.

"நோவுதாக்கா?"

"கொஞ்சம்."

யமுனா வேறொன்றும் கேட்கவில்லை. அக்காவின் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கையைக் கொடுத்தார். கோகிலவாணி அதைப் பிடித்து எழுந்தார். இருவரும் வெயிலில் மெதுவாகத் தெருவைப் பார்த்து நடந்தார்கள், யமுனா தன் நடையைக் குறைத்துக்கொண்டு.